ஓய்வுநாளில் ஒலிக்காத இசைத்தட்டு: இக்கால யூத வழிபாட்டிசைத் தொகுப்புகளை மதிப்பிடும் முறை

புதிதாக வெளிவரும் இசைத்தொகுப்பு ஒன்றை மதிப்பிடப் புகுவோர் பொதுவாகச் சில வினாக்களை எழுப்புவர். குரல் எத்தகையது, மெட்டு புதியதா, கருவியிசை பாடலைத் தாங்குகிறதா அமுக்குகிறதா, ஒலிப்பதிவு தெளிவாக உள்ளதா என்பன அவை. திரையிசைக்கும் மெல்லிசைக்கும் இவ்வினாக்கள் போதும். வழிபாட்டுக்கென ஆக்கப்பட்ட பாடல்களுக்கு இவை போதா. அப்போதாமை மிகத் தெளிவாகப் புலப்படும் இடம் இக்கால யூதர்களின் சமய இசை. அவ்விசைத் தொகுப்புகளை எவ்வாறு கேட்பது, எதனைக் கொண்டு நன்று தீது எனப் பகுப்பது என்பதை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

மொழிக்கென நடைபெறும் உரைத்தொடரில் இதற்கென்ன இடம் என்று சிலர் வினவக்கூடும். எபிரேயம் பதினைந்து நூற்றாண்டுகளுக்கு மேல் வீட்டுப் பேச்சில் வழங்காமல், நூலிலும் வழிபாட்டிலும் மட்டும் உயிர்த்திருந்த மொழி. பொருள் அறிந்தோரும் அறியாதோரும் ஒன்றுகூடி அதனைப் பாடிவந்தமை அதன் நீடிப்புக்கு ஒரு காரணம். பொருளறியாமல் பாடுதல் ஒரு மொழியைக் காக்குமா, கரைக்குமா என்னும் வினா நம்மவர்க்கும் அயலானதன்று.

சிங்கப்பூரின் வாட்டர்லூ தெருவில் உள்ள கிருஷ்ணன் கோயிலுக்குச் செல்வோர் அதே தெருவில் மெகேன் அபோத் என்னும் யூதத் தொழுகைக்கூடத்தையும் கண்டிருப்பர். 1878இல் திறக்கப்பட்ட அக்கூடத்தின் வழிபாட்டு மரபு பக்தாத்திலிருந்து வந்தது. நாம் இங்கு எடுத்துக்கொள்ளும் தொகுப்புகளோ பெரும்பாலும் இசுரேலிலும் அமெரிக்காவிலும் உருவானவை. ஓதப்படும் சொற்கள் பெரும்பாலும் ஒன்றே. மெட்டு ஊருக்கு ஊர் வேறு, தலைமுறைக்குத் தலைமுறை வேறு.

வட்டும் ஓய்வுநாளும்

யூதர்களின் ஓய்வுநாள் வெள்ளிக்கிழமை கதிரவன் மறையும் பொழுதில் தொடங்கிச் சனிக்கிழமை இரவில் நிறைவடைகிறது. மரபைக் கடைப்பிடிப்போர் அந்நாளில் மின்விசையை இயக்குவதில்லை, இசைக்கருவியையும் தொடுவதில்லை. கருவி விலக்குக்கு இரு காரணங்கள் கூறுவர். கருவி பழுதுபட்டால் அதனைச் செப்பனிடக் கை நீளும், செப்பனிடுதலோ அந்நாளில் விலக்கப்பட்ட தொழில் என்பது ஒன்று. கி.பி. 70இல் உரோமர் எருசலேம் திருக்கோயிலை அழித்தனர். அங்கு யாழும் எக்காளமும் முழங்கிய காலத்தை எண்ணித் துயருறும் அடையாளமாகக் கருவியை நீக்கினர் என்பது மற்றொன்று.

இதனால் ஒரு விந்தையான நிலை உண்டாகிறது. வெள்ளி இரவு வழிபாட்டுக்கென ஒருவர் மெட்டமைத்து, கித்தாரும் பியானோவும் முழவும் சேர்த்து ஒரு தொகுப்பை வெளியிடுகிறார். அதனை அந்த வெள்ளி இரவில் ஒலிக்கச் செய்ய இயலாது. வாங்கியவர் செவ்வாயன்று வண்டியோட்டும்போது கேட்பார். வியாழன் மாலை சமையலறையில் கேட்பார். வெள்ளி இரவு வட்டு வாய்மூடிக் கிடக்க, அவர் வாய் பாடும். ஆகவே இத்தகைய தொகுப்பிடம் நாம் கேட்கவேண்டிய முதல் கேள்வி எளியது. கருவிகளை எல்லாம் நீக்கிவிட்டால், பயிற்சியற்ற நாற்பது குரல்கள் பாடுவதற்கு அதில் என்ன எஞ்சுகிறது?

சீர்திருத்தப் பிரிவினர் இவ்விலக்கை ஏற்பதில்லை. 1810இல் செர்மனியின் சேசன் நகரில் ஆர்கன் பொருத்திய தொழுகைக்கூடம் திறக்கப்பட்டது முதல் அவர்தம் வழிபாட்டில் கருவிக்கு இடமுண்டு. எனினும் கூடியிருப்போர் பாடவேண்டும் என்னும் எதிர்பார்ப்பு இன்று அவர்களிடத்தும் வலுவாகவே உள்ளது. மேற்கண்ட கேள்வி அவர்களுக்கும் பொருந்தும்.

இங்கே ஒரு கிளைச்செய்தியைக் குறிப்பிடாமல் இருக்க இயலவில்லை. பாஸ்கா விழாவுக்கும் அதன்பின் வரும் வாரங்களின் விழாவுக்கும் இடையே 49 நாள்கள் எண்ணப்படுகின்றன. அவற்றுள் பெரும்பகுதியைத் துயர்க்காலமாகக் கொண்டு, மரபினர் பலர் கருவியிசை கேட்பதைத் தவிர்ப்பர். அக்காலத்துக்கென்றே குரல் மட்டும் கொண்ட தொகுப்புகள் வெளிவருகின்றன. அவற்றுட் சில, வாயாலேயே முழவொலியும் கித்தார் ஒலியும் எழுப்பி, கேட்போர் கருவியென்றே மயங்கும்படி அமைந்திருக்கின்றன. திறமை மறுக்கவியலாதது. ஆயினும் விதியின் எழுத்தைக் காத்து அதன் கருத்தைக் கடந்துபோகும் இவ்வுத்தி நமக்கு உவப்பளிக்கவில்லை. துயர்நாளின் அமைதிக்கென வந்த வட்டு திருமணப் பந்தல்போல் முழங்குவதில் என்ன பொருத்தம் இருக்கிறது?

சொல் பழையது, மெட்டு புதியது

யூத வழிபாட்டு நூலின் சொற்கள் நிலைபெற்றவை. மெட்டுகள் அவ்வாறு கட்டுப்பட்டவை அல்ல. 16ஆம் நூற்றாண்டில் கலிலேயாவின் சஃபேத் நகரில் வாழ்ந்த ஷ்லோமோ அல்கபெட்ஸ் இயற்றிய ‘லெகா தோதி’ என்னும் பாடல் ஓய்வுநாளை மணமகளாக உருவகித்து வரவேற்பது. வெள்ளி இரவுதோறும் உலகெங்கும் பாடப்படும் அப்பாடலுக்கு வழங்கும் மெட்டுகளை எண்ணி முடிப்பது அரிது. எனவே புதிய தொகுப்பு ஒன்றில் புதுச்சொல்லைத் தேடுவோர் பெரும்பாலும் ஏமாறுவர். பழைய சொல்லைப் புதிய மெட்டு எவ்வாறு ஏந்தியுள்ளது என்பதே ஆராயத்தக்கது.

இங்கு எபிரேயத்தின் ஓர் இயல்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். அம்மொழியில் ஒரு சொல்லின் எந்த அசையை அழுத்தி ஒலிக்கிறோம் என்பது பொருளையே மாற்றக்கூடும். நாள்தோறும் ஓதப்படும் மறைப்பகுதி ஒன்றில் ‘வெஆஹவ்தா’ என்னும் சொல் வருகிறது. கடைசி அசையை அழுத்தினால் ‘நீ அன்பு செலுத்துவாயாக’ என்னும் கட்டளை. அதற்கு முந்திய அசையை அழுத்தினால் ‘நீ அன்பு செலுத்தினாய்’ என்று இறந்தகாலமாகிவிடும். இறைவன் இட்ட கட்டளை பழங்கதையாக மாறிவிடுகிறது. தமிழில் அழுத்தம் இத்தகைய வேலையைச் செய்வதில்லை, மாத்திரை செய்கிறது. ‘பசி’ என்னும் சொல்லின் முதலெழுத்தை மெட்டு நீட்டினால் ‘பாசி’ என்று காதில் விழும் அல்லவா? மெட்டுக்காகச் சொல்லை வளைத்தவர் தம் பாடலைக் கேட்கும் தமிழாசிரியர் முகம் சுளிப்பதுபோலவே, எபிரேயம் அறிந்தவர் தவறான அழுத்தத்தைக் கேட்டு முகம் சுளிக்கிறார்.

இச்சிக்கலுக்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் ஓய்வுநாளை ‘ஷாபஸ்’ என முதல் அசையை அழுத்தி ஒலித்தனர். இசுரேலில் வழங்கும் ஒலிப்பு ‘ஷபாத்’ எனக் கடையசையை அழுத்துவது. இசுரேல் நாடு தோன்றியபின் அமெரிக்கக் கூடங்கள் பல பழைய ஒலிப்பைக் கைவிட்டுப் புதியதை ஏற்றன. மெட்டுகளோ பழைய ஒலிப்புக்கு அளவெடுத்துத் தைத்தவை. அளவு மாறிய உடலுக்கு அதே சட்டையை மாட்டினால் எப்படி இருக்குமோ அப்படியே பல பாடல்கள் இன்றும் பாடப்படுகின்றன. புதிய தொகுப்பை மதிப்பிடுவோர் அது எந்த ஒலிப்பில் பாடப்பட்டுள்ளது, மெட்டு அவ்வொலிப்புக்கு இசைகிறதா என்று முதலில் நோக்குதல் நன்று. ஒலிப்பு எதுவாயினும் குறையில்லை. இரண்டும் ஒரே அடியில் கலந்து வருவதுதான் குறை.

இறைவன் பெயர் இன்னொரு நுட்பத்தைத் தருகிறது. மறைநூலில் நான்கெழுத்தால் எழுதப்படும் திருப்பெயரை யூதர்கள் ஒலிப்பதில்லை. வழிபாட்டில் அதற்கு ஈடாக ‘அதோனாய்’ என்பர். வழிபாடு அல்லாத இடங்களில் அதனையும் தவிர்த்து, ‘அப்பெயர்’ என்னும் பொருளில் ‘ஹஷேம்’ என்பர். ஒலிப்பதிவுக்கூடம் வழிபாட்டிடம் அன்று என்பதால் மரபுவழிப் பாடகர்கள் பலர் தட்டில் ‘ஹஷேம்’ என்றே பாடுகின்றனர். தட்டைக் கேட்டுக் கற்றவர் வழிபாட்டில் ‘அதோனாய்’ என்று மாற்றிப் பாடவேண்டும். முன்னது ஈரசை, பின்னது மூவசை. தேர்ந்த இசையமைப்பாளர் இந்த மூன்றாம் அசை வந்து அமர்வதற்கு மெட்டில் முன்கூட்டியே இடம் விட்டிருப்பார். தேராதவரின் மெட்டு, வழிபாட்டின் மிக முதன்மையான சொல்லிலேயே தடுக்கி விழும்.

மேடையினின்று இருக்கைக்கு

19ஆம் நூற்றாண்டில் வியன்னாவின் தலைமைப் பாடகராக விளங்கிய சாலமன் சுல்சர் தம் ‘ஷிர் சியோன்’ தொகுதியை 1840 அளவில் வெளியிட்டார். பாடகரும் ஆண்குரல் குழுவும் பாடுவதற்கான இசைக்குறிப்புகள் அவை. சூபர்ட்டே 1828இல் அவருக்காக எபிரேயத் திருப்பாடல் ஒன்றுக்கு இசையமைத்துக் கொடுத்தார். கேட்போர் வியந்தனர், வியந்தவர்கள் பாடுவதைக் குறைத்துக்கொண்டனர். இக்கால இசையை அந்நிலைக்கு எதிரான நீண்ட மறுமொழி எனலாம்.

அம்மறுமொழியின் முதற்குரல்களுள் ஒன்று ஷ்லோமோ கார்லபாக்குடையது. 1925இல் பெர்லினில் பிறந்து, இட்லரின் ஆட்சிக்குத் தப்பி அமெரிக்கா சேர்ந்தவர். திருப்பாடல்களிலிருந்து ஓரடி ஈரடி எடுத்து, ஒருமுறை கேட்டாலே பாடக்கூடிய மெட்டில் அமைத்து, அதனைத் திரும்பத் திரும்பப் பாடவைப்பது அவர் முறை. 1959 முதல் அவர் இசைத்தட்டுகள் வெளிவந்தன. அவரைப் பற்றிச் சொல்லவேண்டியது வேறும் உள்ளது, பின்னர் வருவோம்.

டெபி ஃபிரீட்மன் 1951இல் பிறந்தவர். சீர்திருத்தப் பிரிவின் இளைஞர் முகாம்களில் கித்தாருடன் பாடக் கற்றவர். 1972இல் ‘இறைவனைப் பாடுங்கள்’ எனப் பொருள்படும் ஆங்கிலத் தலைப்பில் உயர்நிலைப்பள்ளி மாணவர் குழுவுடன் தம் முதல் தொகுப்பை வெளியிட்டார். முகாமில் தீமூட்டிப் பாடும் பாட்டைத் தொழுகைக்கூடத்துக்குள் கொண்டுவருவதா என்று பயிற்சி பெற்ற பாடகர்கள் குறைகூறினர். அக்குறையில் உண்மையே இல்லை என்று சொல்லமாட்டோம். அவர் பாடல்களுள் சில, சிறுவர்க்கு இனிப்பவை, பெரியோர்க்கு விரைவில் திகட்டுபவை.

ஆனால் நோயுற்றோர்க்காக அவர், டிரோரா செட்டல் என்பாருடன் சேர்ந்து ஆக்கிய ‘மி ஷெபேராக்’ வேறு நிலையில் வைத்து எண்ணத்தக்கது. அம்மன்றாட்டு மிகப் பழையது. மறைநூல் வாசிப்பின்போது நோயாளியின் பெயர் சொல்லி ஓதப்படுவது. ஃபிரீட்மன் அதன் கருத்தைச் சுருக்கி, எபிரேய அடியும் ஆங்கில அடியும் மாறிமாறி வருமாறு அமைத்தார். எபிரேயம் தெரியாதவர் அடுத்த அடியில் ஏறத்தாழ அதன் கருத்தைக் கேட்டுவிடுகிறார். தனியே மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. மரபுச் சொற்களில் தந்தையர் மட்டுமே நினைக்கப்பட்ட இடத்தில் தாயரும் இடம்பெற்றனர். உடல்நலத்தை மட்டும் வேண்டாமல், நோயைத் தாங்கும் உள்ளத்தையும் வேண்டுகிறது அப்பாடல். மெட்டு தாலாட்டின் அளவே ஏறி இறங்குகிறது. அழுதுகொண்டே பாடினாலும் தொண்டை எட்டும். நோய்ப்படுக்கை அருகில் பாடப்படும் பாட்டுக்கு இதனைவிட வேறென்ன இசையிலக்கணம் வேண்டும்? 2011 சனவரியில் ஃபிரீட்மன் மறைந்தார். அதே ஆண்டில் எபிரேய ஐக்கியக் கல்லூரி, பாடகர்களைப் பயிற்றும் தன் இசைப்பள்ளிக்கு அவர் பெயரைச் சூட்டியது. எந்தத் துறையினர் குறைகூறினரோ அத்துறையின் பள்ளியே இன்று அவர் பெயரால் வழங்குகிறது.

எண்ணிக்கை பாடலாதல்

இன்றைய தலைமுறைக்கு வருவோம். 1989இல் பிரான்சின் மார்செய் நகரில் பிறந்து, சிறுவயதில் இசுரேலுக்குக் குடிபெயர்ந்த இஷாய் ரிபோ, மரபு வழுவாத வாழ்க்கையினர். ஆயினும் சமயச் சார்பற்ற இளைஞரும் அவர் பாடல்களை விரும்பிக் கேட்கின்றனர். 2023 செப்டம்பரில் நியூயார்க்கின் மாடிசன் ஸ்குவேர் கார்டன் அரங்கிலும் அவர் பாடினார். அவர் தொகுப்புகளுள் நாம் முதன்மையாகக் கருதுவது 2019இல் வெளிவந்த ‘எலுல் 5779’ என்னும் சிறுதொகுப்பு. எலுல் என்பது யூத ஆண்டில் புத்தாண்டுக்கு முந்திய மாதம், தன்னாய்வுக்குரிய காலம்.

அதில் உள்ள ‘செதெர் ஹஅவோதா’ என்னும் பாடலை விளங்கிக்கொள்ள ஒரு பின்னணி வேண்டும். பாவக்கழுவாய் நாளன்று தலைமைக் குரு எருசலேம் கோயிலின் உட்கருவறைக்குள் செல்வார். ஆண்டுக்கு அந்த ஒருநாள் மட்டுமே அவ்வுரிமை உண்டு. அங்கு அவர் பலிக்குருதியை மேல்நோக்கி ஒருமுறையும் கீழ்நோக்கி ஏழுமுறையும் தெளிப்பார். தவறு நேராதிருக்க வாய்விட்டு எண்ணுவார்; மேல்தெளித்த ஒன்றை ஒவ்வொரு முறையும் சேர்த்துச் சொல்லி ஏழுவரை செல்வார். கோயில் அழிந்தபின் இவ்வினை வெறும் விவரிப்பாக வழிபாட்டு நூலில் எஞ்சியது. செய்ய இயலாததைச் சொல்லியாவது நினைவில் வைத்தனர். நீண்ட அப்பகுதி, பட்டினியோடு நிற்கும் பலருக்குச் சலிப்பூட்டுவது என்பதையும் மறைக்கவேண்டியதில்லை.

ரிபோ அவ்விவரிப்பை இன்றைய பேச்சு எபிரேயமும் பழைய மறைநூல் எபிரேயமும் அடுத்தடுத்து வருமாறு மீண்டும் சொல்கிறார். எண்ணும் இடம் வந்ததும் குருவை விட்டுவிட்டு மனிதனிடம் திரும்புகிறார். ஒருவன் தன் குற்றங்களை நினைவுகூர முடிந்தால் அவற்றையும் குருவைப்போல்தானே எண்ணுவான் என்கிறார். பின்னர் அதே எண்கள், அதே மெட்டில், இறைவன் அவனுக்குச் செய்த நன்மைகளை எண்ணுவதற்கு வருகின்றன. குற்றக் கணக்கு ஐந்தில் நிற்கும். நன்மைக் கணக்கு அங்கு நிற்பதில்லை. ஒரு சொல்லையும் மாற்றாமல், அதன்மேல் விழும் ஒளியை மட்டும் மாற்றிய இந்த உத்தியை நாம் பெரிதும் மதிக்கிறோம். மெட்டும் எண்ணுவோன் தயக்கத்தோடு ஒவ்வொரு படியாக ஏறுகிறது.

குறையும் உண்டு. இறுதிப் பகுதியில் குழுவும் முழவும் சேர்ந்து பேரொலியாக எழுகின்றன. தற்கால மெல்லிசையில் ஆயிரம்முறை கேட்ட உச்சம் அது. எண்கள் ஏற்கெனவே செய்துமுடித்த வேலையை முழவு மீண்டும் செய்கிறது. ஆயினும் முதற்கேள்வியை இப்பாடலிடம் கேட்டால் அது தேறிவிடுகிறது. முழவு இல்லாத பாவக்கழுவாய் நாளிலேயே, கூடங்கள் சில பழைய விவரிப்பை இம்மெட்டில் பாடத் தொடங்கியுள்ளன.

நெருக்கமும் விரிவும்

நியூயார்க்கில் ஹடார் என்னும் கல்வி நிறுவனத்தைச் சூழ்ந்து வேறொரு போக்கு வளர்ந்துள்ளது. அதன் முன்னோடி ஜோயி வைசன்பெர்க். ‘நிகுனிம்’ என்னும் வரிசையில் தொகுப்புகளை வெளியிட்டு வருபவர். நிகுன் என்பது பெரும்பாலும் சொல்லே இல்லாத மெட்டு. ஹசிடியப் பெரியோர் வளர்த்தது. பாடுவோரை மேடையில் நிறுத்தாமல், கூட்டத்தின் நடுவில் தோளோடு தோள் உரச நெருங்கி நிற்கச்செய்து பாடுவது அவர் முறை. இடைவெளி விட்டு அமர்ந்தோர் ஒருவரையொருவர் கேளார். கேளாதோர் பாடார் என்பது அவர் கொள்கையின் சாரம்.

அதே வழியில் வந்த டெபோரா சாக்ஸ் மிண்ட்ஸ் 2020இல் ஒரு தொகுப்பு வெளியிட்டார். ‘நெருக்கமும் விரிவும்’ எனத் தமிழில் அதன் தலைப்பைச் சொல்லலாம். நெருக்கத்திலிருந்து கூப்பிட்டவனுக்கு விரிவிலிருந்து மறுமொழி கிடைத்ததைச் சொல்லும் திருப்பாடல் கருத்திலிருந்து எடுத்த தலைப்பு அது. கூடிப் பாடுவதற்கென்றே ஆக்கிய பாடல்கள், உலகில் எவரும் கூடிப் பாட முடியாத ஆண்டில் வெளிவந்தன. கணினித் திரையில் வழிபட்டோர், குரல்கள் ஒன்றோடொன்று பிந்தி வந்து மோதியதால், ஒருவர் பாட ஏனையோர் ஒலியடைத்துத் தனித்தனியே பாடவேண்டியதாயிற்று. பலகுரல் பின்னிய ஒரு தட்டை அத்தனிமையில் கேட்பது எத்தகைய ஆறுதல் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. தட்டு வழிபாட்டுக்கு ஏணி மட்டுமே என்ற நம் கருத்துக்கு அவ்வாண்டு ஒரு விலக்கு.

அதே 2020இல் ரிபோ ‘கெத்தெர் மெலுகா’ என்ற பாடலை வெளியிட்டார். கெத்தெர் என்றால் எபிரேயத்தில் மணிமுடி. நோய்க்கிருமியின் இலத்தீன் பெயருக்கும் அதுவே பொருள். கூடங்கள் அடைபட்ட வாரங்களை, அவ்வவ்வாரம் வாசிக்கப்படும் மறைப்பகுதிகளின் பெயர்களைக் கோத்தே அவர் சொல்லிச்செல்கிறார். வாசிப்பைக் கேட்க இயலாதவர்க்கு வாசிப்பின் பெயராவது கிடைத்தது.

எழுத்துக்கூட்டுதல்

மொழியில் நாட்டமுடையோர்க்கு நாம் முதலில் பரிந்துரைப்பது விக்டோரியா ஹன்னா 2017இல் தம் பெயராலேயே வெளியிட்ட தொகுப்பு. எருசலேமின் மரபுவழிக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதில் தமக்குத் திக்குவாய் இருந்ததாக அவரே கூறியுள்ளார். சொல் வாயிலிருந்து பிறக்கும் துன்பத்தை அறிந்தவர் என்பது அவர் பாடலில் கேட்கிறது.

2015இல் புகழ்பெற்ற அவருடைய அகரவரிசைப் பாடல் இரண்டு பொருள்களைச் சேர்த்தது. ஒன்று, திண்ணைப்பள்ளிச் சிறுவர் எழுத்துக்கூட்டும் முறை. எபிரேய எழுத்துகள் மெய்யெழுத்துகள். உயிரொலியைக் கீழும் மேலும் இடும் புள்ளிகளும் கோடுகளும் காட்டும். எழுத்தின் பெயர், குறியின் பெயர், இரண்டும் சேர்ந்த ஒலி என மும்முறை சொல்லிச் சிறுவர் கற்பர். உயிர்மெய் வரிசையை உரக்கச் சொல்லி வளர்ந்த நம் காதுக்கு இது அறிமுகமான ஓசை. மற்றொன்று, கூடாரப் பெருவிழாவில் ஓதும் மன்றாட்டு. அதன் அடிகள் எழுத்து வரிசையில் தொடங்குபவை, ஆத்திசூடியைப்போல. சிறுவனின் பாடமும் பெரியோரின் மன்றாட்டும் ஒரே நெடுங்கணக்கின் இரு முனைகள் என்பதை அவர் வாய்ப்பறையும் நாத்தாளமுமாகக் காட்டுகிறார். தொண்டையிலிருந்து பிறக்கும் ‘ஹெத்’, ‘அயின்’ ஒலிகளை இன்றைய இசுரேலிய நகரத்தார் மழுக்கிவிட்டனர். ஹன்னா அவற்றைக் கீழைநாட்டு யூதர் மரபுப்படி முழுமையாக ஒலிக்கிறார். இதனைக் கூடத்தில் நாற்பது பேர் சேர்ந்து பாடமுடியாது. நம் முதற்கேள்வியில் தோற்கும் தொகுப்புதான். தோற்றாலும் வேண்டத்தக்கது.

யார் மெட்டு, யார் குரல்

கார்லபாக்கைப் பற்றிச் சொல்லாமல் விட்டதைச் சொல்லவேண்டும். அவர் 1994இல் மறைந்தார். நான்காண்டு கழித்து, ‘லிலித்’ என்னும் அமெரிக்க யூதப் பெண்கள் இதழ், அவர் தங்களிடம் பாலியல் அத்துமீறலில் ஈடுபட்டதாகப் பெண்கள் கூறியவற்றை வெளியிட்டது. அவர் மெட்டுகளோ அதற்குள் வெள்ளி இரவு வழிபாட்டின் எலும்போடு கலந்துவிட்டிருந்தன. அவற்றை நிறுத்திவைத்த கூடங்கள் உண்டு. தொடர்ந்து பாடும் கூடங்களும் உண்டு. எது சரி என்பதைப் பாடுவோரே முடிவு செய்யவேண்டும். ஆனால் தட்டுகளில் அவர் மெட்டை எடுத்தாண்டு, ‘மரபு மெட்டு’ என்று மட்டும் அச்சிடும் வழக்கம் ஒன்றுண்டு. அதனை நாம் ஏற்கவில்லை. பெயரை மறைத்தால் பாடுவோர்க்கு முடிவெடுக்கும் வாய்ப்பே இல்லாமற்போகிறது. மதிப்புரை எழுதுவோர் உறையின் பின்பக்கத்தைப் படித்து, விடுபட்ட பெயரை எழுதிவிடுதல் நேர்மை.

பெண்குரல் பற்றிய விலக்கும் மதிப்புரையாளர் அறிந்திருக்கவேண்டியது. மரபுப் பிரிவினர் பலரிடத்தில் ஆண்கள் பெண்ணின் பாடலைக் கேட்பதில்லை. அதனால் ‘பெண்களுக்கு மட்டும்’ என்று உறையிலேயே அச்சிட்டுப் பெண் பாடகியர் தொகுப்பு வெளியிடுவதுண்டு. ஃபிரீட்மன், மிண்ட்ஸ், ஹன்னா என நாம் இதுவரை புகழ்ந்த மூவரின் பாடல்களும் அவ்வீடுகளில் பாதிப்பேர் காதை எட்டுவதில்லை.

இவ்விலக்கு யூதர் வாழ்ந்த எல்லா இடங்களிலும் ஒன்றுபோல் இருந்ததில்லை. கேரளத்தின் கொச்சி, பரவூர் முதலிய ஊர்களில் வாழ்ந்த யூதப் பெண்கள் ஆண்கள் முன்னிலையிலேயே மலையாளத்தில் சமயப் பாடல்களும் திருமணப் பாடல்களும் பாடினர். பாடல்களைக் கையெழுத்துக் குறிப்பேடுகளில் எழுதித் தாயிடமிருந்து மகள் பெற்றாள். 2004இல் எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தின் யூத இசை ஆய்வு மையம், பார்பரா ஜான்சன் பதிப்பில் அப்பாடல்களைக் குறுவட்டாக வெளியிட்டது. அழகிய கிளியை விளிக்கும் தலைப்பு அதற்கு. கிளிக்கு இன்றைய எபிரேயச் சொல் ‘துக்கி’. சாலமோன் மன்னனின் கப்பல்கள் கொண்டுவந்த பறவையாக மறைநூலில் வரும் அச்சொல்லைக் கால்டுவெல் முதலானோர் நம் ‘தோகை’யோடு இணைத்தனர்.

ஒலிப்பதிவுக்கூட மெருகைத் தேடுவோர்க்கு அவ்வட்டில் ஒன்றும் இல்லை. கூடிப் பாடிப் பழகிய பெண்களின் குரல் இருக்கிறது. கொச்சி யூதர்களுள் பெரும்பாலோர் 1950களில் இசுரேலுக்குக் குடிபெயர்ந்தனர். அவர்தம் பேரக்குழந்தைகளுக்கு எபிரேயம் தாய்மொழியாயிற்று, மலையாளம் அயன்மொழியாயிற்று. அமெரிக்க யூதர் எபிரேயப் பாட்டின் பொருளை ஆங்கிலத்தில் அறிய, இவர்கள் மலையாளப் பாட்டின் பொருளை எபிரேயத்தில் அறியவேண்டிய நிலை. 2005இல் ஸ்கறியா சக்கரியாவும் ஒஃபிரா கம்லியேலும் இப்பாடல்களை மலையாளத்திலும் எபிரேய மொழிபெயர்ப்பிலும் நூலாகப் பதிப்பித்தனர். அந்நூலின் தலைப்பு மலையாளத்தில் ‘கார்குழலி’. அதனோடு சேர்த்து, பேரழகி என்னும் பொருளில் ‘யெஃபெஃபியா’ என்ற எபிரேயச் சொல்லையும் இட்டிருக்கின்றனர். முதற்சொல்லுக்கு நமக்கு உரை வேண்டியதில்லை. பாடிய பெண்களின் பேத்தியர்க்கு வேண்டும்.